சுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சீமைக் கார்

கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் எல்லோரும் பட்டுப்புடவையை எடுத்து வைப்பார்கள். நான் ஸ்பேனர் பெட்டியை எடுத்து வைத்தேன். கோவையில் பழைய கார்களுக்கு ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். மட்டாஞ்சேரியில் சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் என் ஒன்றுவிட்ட அண்ணன் கணபதிக்கு ஒரே மகள், வித்யா. போன ஜனவரியில் அவளுக்குக் கல்யாணம். நகை, புடவை எதற்கும் அவள் அடம் பிடிக்கவில்லை. மண்டபத்துக்கு அந்தக் காரில்தான் போவேன் என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

அந்தக் கார் பாட்டில் பச்சை நிறம், மூக்கின்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சிறுத்தை பாய்ந்துகொண்டிருக்கும். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், காசு வாங்கி எழுதுகிறேன் என்பீர்கள். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடம் கணபதி அண்ணாவின் அப்பா வாங்கியது. வித்யா பிறப்பதற்கு முந்தைய வருஷமே ஓட்டம் நின்று, குடோனின் பின்மூலையில் உட்கார்ந்துவிட்டது. மாடியில் வீடு, கீழே குடோன். வீடு முழுக்க உறவுக்காரக் கூட்டம். அதனால் அவள் படித்ததெல்லாம் அந்தக் காரின் பின்சீட்டில்தான். முன்சீட்டின் முதுகில் மடக்கிவைக்கும் சின்ன மரப்பலகை ஒன்று உண்டு. அதை விரித்து வாய்ப்பாடு எழுதியதும் அங்கேதான், பன்னிரண்டாம் வகுப்புக்குக் கண்விழித்ததும் அங்கேதான். ஆனால் அந்தக் கார் ஓர் அடி நகர்ந்து அவள் பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருஷம்!

ஆறு மாதத்தில் மூன்று முறை போய் எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தேன். பிரேக் மொத்தமும் புதிது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க அண்ணா ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்த நடைக்குத் தனிப் பயணக் கட்டுரை எழுதலாம்.

நான்காவது முறை போனது கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை. கோவையில் காலை ஆறேகாலுக்கு ரயில், பத்தரைக்கு எர்ணாகுளம். டிக்கெட் 110 ரூபாய். படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஆறு ரூபாய், இருபது நிமிஷம். காற்று வாங்கிக்கொண்டே போகலாம். அங்கிருந்து மட்டாஞ்சேரி இரண்டரைக் கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எழுபது. என் பெட்டியைத் தூக்கி வைத்த ஆட்டோக்காரர், "சேச்சி, பிளம்பிங் பணிக்கோ?" என்றார். "இல்லை, கல்யாணத்துக்கு" என்றேன். பெட்டியை இன்னொரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பிற்பகல் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். பூனை உறுமுவதுபோல் சுகமான சத்தம். நிம்மதியாக எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் ரிப்பனும் சரிகை நாடாவும் 340 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, ஃபோர்ட் கொச்சியில் எடுத்திருந்த அறைக்குப் போய்த் தூங்கிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

ஞாயிறு காலை 7.40. பூச்சரத்தோடு குடோன் கதவைத் திறக்கிறேன், காரைக் காணோம். தரையிலிருந்து உத்தரம்வரை சுக்கு மூட்டை. முந்தின மாலை ஒரு லோடு வந்திருக்கிறது. நல்ல சரக்கு, விட மனசில்லை. "உள்ளே அடுக்குங்கோ" என்று அண்ணா சொல்லிவிட்டு மேளக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார்.

"அண்ணா, உள்ளே கார் இருக்கிறது ஞாபகம் இல்லையா?"

அவர் தலையில் கை வைத்தார். "இத்தனை வருஷமா அது ஒரு மூலை கேட்டியா மீனா. அதைக் காருன்னே நான் நெனைக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மூட்டையையே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். முகூர்த்தம் பத்தரை. மண்டபம் தோப்பும்படிப் பக்கம், மூன்றரைக் கிலோமீட்டர். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் மூட்டையைப் பிடித்தேன். அண்ணா அலறினார். "ஐயோ, தொடாதே! இந்தத் தெருவில் மூட்டை அவங்க பணி. நாம தொட்டா வழக்காகும்."

அந்த "அவங்க", சுமைதூக்கும் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர், அன்றைக்கு லீவு. ஆனால் எங்கேயும் போகவில்லை. மாடியில்தான் இருந்தார்கள். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, செண்ட் மணம். கல்யாண வீட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தலைவர் அஷ்ரஃப், தெருவுக்கே அஷ்ரஃபிக்கா. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"மோளோட காரா? சேச்சி, டென்ஷன் வேண்டா. எத்தனை மணிக்கு வண்டி வெளியே எறங்கணும்?"

"ஒன்பது."

"எட்டே முக்காலுக்கு எறங்கும்."

பன்னிரண்டு சட்டைகளும் ஒரு கைவண்டியின்மேல் மடித்து அடுக்கப்பட்டன. வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. 186 மூட்டைகள் முற்றத்துக்கு நகர ஆரம்பித்தன.

எனக்குச் செய்ய வேலை இல்லை, அதனால் உங்களுக்கு வரலாறு சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரில் இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்துதான் ஆரம்பித்தார்கள். பிறகு மற்றவர்களின் மலிவுக் கார்களுக்கு அழகான உடம்பு கட்டிக் கொடுத்தார்கள். அதன்பின் சொந்தக் கார். பெரிய துரைமார் காரின் தோரணை, விலையோ அதைவிட ரொம்பக் குறைவு. அதுதான் அவர்கள் வித்தை. போர்க்காலத்தில் குண்டு விழுந்து தீப்பிடிக்கிறதா என்று தொழிற்சாலைக் கூரையில் காவல் இருந்த எஞ்சினியர்கள், பொழுதுபோகப் பேசிப் பேசியே புது எஞ்சினைத் திட்டமிட்டார்களாம். அந்தக் குடும்பத்து எஞ்சின்தான் நம் காரிலும். கம்பெனியின் பழைய பெயர் இரண்டே எழுத்து. போர் முடிந்ததும் அது ஹிட்லரின் படையை நினைவூட்டியதால் தூக்கிப்போட்டு, சிறுத்தை இனத்துப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். அங்கே போலீஸும் இதே காரை வைத்திருந்தது, வங்கிக் கொள்ளைக்காரர்களும் இதையே விரும்பினார்கள். பல கைமாறி, இன்று கம்பெனி நம் நாட்டுக்காரர்களிடம்தான் இருக்கிறது. இது தெரியவந்த நாளிலிருந்து அண்ணாவுக்கு ஒரே பெருமை, ஏதோ இவரே வாங்கியதுபோல.

எட்டே முக்காலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கார் தெரிந்தது. பச்சை அல்ல, சுத்த வெள்ளை! எங்கள் சுக்குக்குப் பூச்சி வராமலிருக்கச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அந்தத் தூள் மொத்தமும் காரின்மேல். பன்னிரண்டு பேரும் தும்மினார்கள், நான் தும்மினேன், தலை நிறையப் பூவோடு இறங்கி வந்த வித்யாவும் தும்மினாள். நான் துணியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துடைக்க வேண்டா அத்தே, நேரமாச்சு. இப்படியே போலாம்."

முன்கண்ணாடியை மட்டும் துடைத்து, சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இருமியது. மறுபடி திருப்பினேன், அதுவும் தும்மியது. காற்று வடிகட்டியில் சுக்குத்தூள்! கழற்றித் தட்டி மாட்டினேன். இத்தனை வருஷமாக ஒன்றே ஒன்று கேட்ட பெண்ணுக்கு இதுகூடச் செய்ய முடியவில்லை என்றால், நான் என்ன மெக்கானிக்? மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அஷ்ரஃபிக்கா விசிலடித்தார்.

கிளட்சை விட்டேன். பின்சீட்டிலிருந்து ஒரு கூவல்.

"அத்தே! சுவர் போகுது அத்தே! காலண்டர் ஆணி பின்னாடி போகுது!"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். மை கரைந்து கன்னத்தில் வழிந்தது, வாய் சிரித்தது. எனக்கும் கண் மறைத்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை பஜாரில் லாரி இல்லை.

9.20க்கு மண்டபம். தாலி ஏறியது பத்தே முக்காலுக்கு. பாயசம் இரண்டு வகை, இரண்டையும் இரண்டு முறை குடித்தேன்.

நீங்களும் போவதாக இருந்தால்: மட்டாஞ்சேரி குடோன் தெருக்களை வாரநாளில் காலை எட்டுக்கு முன் நடந்து பாருங்கள். பிறகு லாரியும் கைவண்டியும் வழி விடாது. கைக்குட்டை அவசியம். மூட்டைமேல் உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள், கேட்டுவிட்டுத் தள்ளி நின்று எடுங்கள். உங்கள் வீட்டிலும் பழைய கார் நின்றுகொண்டிருந்தால் மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். இல்லையென்றால் நீங்களே அதைச் சுவர் என்று நினைத்துவிடுவீர்கள், என் அண்ணாவைப்போல.

திரும்பி வந்ததைச் சொல்லவில்லையே. கல்யாணம் முடிந்ததும் வித்யா என் முன்னால் கையை நீட்டினாள். சாவி வேண்டுமாம். பட்டுப்புடவையோடு ஸ்டீயரிங்கில் அவள், பக்கத்தில் மாப்பிள்ளை, பின்சீட்டில் நானும் அண்ணாவும். அண்ணா வழிநெடுக, "மெல்ல, மெல்ல" என்று சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

குடோன் வாசலில் போய் நின்றால், உள்ளே இடமே இல்லை. முற்றத்தில் மாலை விருந்துக்குப் பந்தி போட வேண்டுமே, பன்னிரண்டு பேரும் எங்களுக்கு முன்பே வந்து மூட்டைகளை மறுபடி உள்ளே அடுக்கியிருந்தார்கள். கார் நின்ற மூலையிலும் உத்தரம்வரை சுக்கு.

"அஷ்ரஃபே, காரை எங்கே விடறது?" என்று அண்ணா கத்தினார்.

அஷ்ரஃபிக்கா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"இனி எதுக்கு உள்ளே, முதலாளி? அது ஓடுற வண்டியல்லே?"

வித்யா எஞ்சினை அணைக்கவே இல்லை.