ஏரிக்குள் ஒரு வாக்காளர் முகாம்

வீடு வீடாகப் போய் வாக்காளர் பேர் சேர்க்கிற வேலையில் ஒரே சிக்கல், வீட்டில் வாக்காளர் இருக்கமாட்டார். பழவேற்காட்டில் அந்த வேலைக்கு வந்த செல்வி டீச்சருக்கு ஊர் புதுசு. படகோட்டி ஓய்ந்த எனக்கோ வீட்டில் மரியாதை குறைவு. துணைக்குப் போனேன். மனு எழுதி நொந்தவர்களே, கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில்

முகாமுக்கு மேசை, பேனர், டீ எல்லாம் வந்தன. மனுஷர்தான் வரவில்லை. ஒரே ஒரு ஈ வந்து வரிசையில் நின்றது; பதினெட்டு வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் கடையைக் கட்டும்போது சின்னப்பொண்ணு ஈரப் புடவையோடு ஓடி வந்தாள். ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். அவள் தெருவில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத தெருவுக்குக் குழாய் போட எவன் வருவான்? ஆதார் கொண்டு வந்திருந்தாள், டீச்சர் குறித்துக்கொண்டார். போட்டோதான் இல்லை, எடுக்கலாமென்றால் டீச்சர் போனில் சார்ஜ் இல்லை. "நாளைக்குக் கடைசி நாள், பகல்ல வந்துடும்மா" என்றார்.

"தண்ணி வத்தற நேரத்துல நான் இங்க வந்து குந்திக்கினா, எறாலு என்னைத் தேடி இஸ்கோலுக்கு வருமா டீச்சர்?"

இடுப்பளவுத் தண்ணீரில்

மறுநாள் டீச்சரைப் படகில் ஏற்றினேன். அவருக்கு நீச்சல் தெரியாது. அரசாங்கத்துக்கும் தெரியாது என்று தைரியம் சொன்னேன்.

சின்னப்பொண்ணு குனிந்து நின்றிருந்தாள். இரண்டு கையும் சேற்றில். இறால் போடும் ஓலைப் பறியின் கயிறு பல்லில். எங்கள் பக்கம் அப்படித்தான் பிடிப்பார்கள். டீச்சர் போட்டோ எடுத்தார். பறி பாதி முகத்தை மறைக்க, முகம் தெரியவில்லை என்று போன் தள்ளிவிட்டது. பறியைத் தண்ணீரில் விட்டால் அரைநாள் பாடு நீந்திப் போய்விடும்.

நானே குதித்து, மிச்சமிருந்த நாலு பல்லால் கயிற்றைக் கவ்விக்கொண்டேன். ஒரு இறால் என் மீசையைப் பிடித்து ஊஞ்சலாடியது. மூன்றாவது தடவைதான் போன் அவள் முகத்தை ஒப்புக்கொண்டது. பறியைத் திரும்ப வாங்கும்போது அவள் கேட்டாள்:

"இன்னா நைனா, இத்தப் படகுல வெச்சிருந்தா போதாதா?"

கரையில்

அன்றே பக்கத்தில் இறால் துழாவிக்கொண்டிருந்த அவள் தெருக்காரர் அத்தனை பேரையும் தண்ணீரிலேயே பதிந்தோம். தேர்தல் வந்ததும் ஒரு வேட்பாளர், வெள்ளை வேட்டி, கரையில் நின்று, ஏரியில் இருந்த எங்களைக் கும்பிட்டுக் கூப்பிட்டார். சின்னப்பொண்ணு பறியை என் படகில் வைத்தாள், இப்போது விவரமாக. பிறகு கத்தினாள்:

"பேர் சேக்க ஆபீஸே எறங்கி வந்துச்சு. ஓட்டு வேணும்னா நீயும் எறங்கு, கொயாய் எங்கன்னு பேசலாம்!"

இப்போது அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஓட்டு இருக்கிறது, குழாயும் இருக்கிறது, தண்ணீரின் பேரைத்தான் இன்னும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.