சைக்கிள் மணியும் தலைக்கயிறும்

இங்கே ஜெர்மனியில் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள், இணையத்தில் நாம் போட்ட விளம்பரப் படத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு வருகிறார்கள். வாசலில் நின்று படத்தையும் பொருளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பத்து வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன சனிக்கிழமை என் மகளின் சின்ன சைக்கிளை வாங்க வந்த பெண்ணும் அப்படித்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "க்ளிங்கல் எங்கே?" என்றாள். க்ளிங்கல் என்றால் மணி. படத்தில் இருந்தது, சைக்கிளில் இல்லை. அன்று காலையில்தான் நான் அதைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன்.

ஏமாற்றுவதற்காகக் கழற்றவில்லை. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் மாடு விற்கிறவர்கள் தலைக்கயிற்றைத் தர மாட்டார்கள். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போக வேண்டும். கயிறும் போனால் பட்டியின் ராசியும் கூடவே போய்விடும் என்பார்கள். அப்பா தன் மொபெட்டை விற்றபோதுகூட சாவி வளையத்தை உருவி வைத்துக்கொண்டு வெறும் சாவியைத்தான் நீட்டினார். வாங்கியவர் முகம் சுளிக்கவில்லை. "அது உங்க ஊட்லயே இருக்கட்டுங்க" என்றார். என் மகள் விழுந்தெழுந்து ஓட்டிப் பழகிய வண்டியிலிருந்து ஒரு மணியை எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா? எனக்குத் தெரிந்த ஜெர்மனில் இதையெல்லாம் விளக்கினேன். மாடு, கயிறு என்றேன். "நீங்கள் மாடும் விற்கிறீர்களா?" என்று கேட்டாள். மணியில்லாத சைக்கிளைத் தெருவில் ஓட்டுவது சட்டப்படி தவறு என்றாள். மணியைத் தர முடியாது என்று நானும் பிடிவாதமாகச் சொன்னேன். வாங்காமலே போய்விட்டாள்.

சாயங்காலம் அந்த விளம்பரத் தளத்தில் என் பெயருக்குக் கீழே எழுதியிருந்தாள்: "நேர்மையில்லாத ஆள். காட்டுவது ஒன்று, கொடுப்பது ஒன்று." என் பதினோரு வயது மகள்தான் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஊரார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அதைப் பெற்ற பிள்ளையின் வாயால் கேட்க வேண்டுமா? ஒருவர் பொருளுக்கும் ஆசைப்படாதவன் என்று இனி நான் எந்த முகத்தோடு அவளிடம் சொல்வேன்?

ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பால்கனிக்குப் போய் ஊரிலிருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"போன மாசந்தான்டா நம்ம சிந்து மாட்டைப் போன்ல படம் போட்டு வித்தேன். ஆத்தூர்க்காரரு டெம்போ கொண்டாந்து ஏத்திட்டுப் போனாரு. கவுத்தோடதான் குடுத்தேன்."

"கவுத்தோடயா?"

"படத்துல கவுறு இருக்குதுல்லங்க, குடுங்கன்னாரு. குடுத்துட்டேன். இதுக்குப் போயி யாராச்சும் சண்டை கட்டுவாங்களா? நீ எந்தக் காலத்துல இருக்கற?"

அந்தப் பெண்மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. பட்டியில் நின்றுகொண்டே அண்ணன் விட்டுக்கொடுத்ததை, மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நான் இங்கே காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கிடைத்தது ஏமாற்றுக்காரன் என்ற பட்டம். போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தேன். மகள் அலமாரியிலிருந்து மணியை எடுத்துச் சைக்கிளில் மாட்டி முடித்திருந்தாள்.

"அந்த ஆன்ட்டிக்கு மெசேஜ் போட்டுட்டேனுங்கப்பா. நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க."

"என்னன்னு போட்ட சாமி?"

"எங்கப்பாவுக்கு இந்த ஊரு வழக்கம் தெரியாது, மன்னிச்சுக்குங்கன்னு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவரு ஊரு வழக்கமும் அவருக்குத் தெரியாதுன்னு சேத்துப் போடு" என்றேன்.

நான் கோபத்தில் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. "சரிங்கப்பா" என்று போனை எடுத்து, அதையும் நல்ல ஜெர்மனில் எழுதி அனுப்பிவிட்டாள்.