வெண்ணெய் தடவிய ரொட்டி

எண்பதுகளில் சங்கரன்கோவிலில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. அதற்கு நடுவே வெண்ணெயும் வெங்காயமும் வைத்து, 'சாண்ட்விச்' என்று பஸ் ஸ்டாண்டில் விற்றவர் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு. கையில் கொடுக்கும் முன் ரொட்டியை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்துவார்.

ஒருநாள் காலையில் மதச் சங்கத்து இளைஞர்கள் நான்கு பேர் அவர் தள்ளுவண்டியை மறித்தார்கள்.

"துலுக்கன் சுட்ட ரொட்டிய நம்ம ஆளுகளுக்கு விக்கீரா வே? இன்னையோட நிறுத்தணும்."

அவர் கத்தி முனையில் வெண்ணெயை வழித்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கடையநல்லூர் பாய் சுட்ட ரொட்டி வேண்டாம்னா, வெண்ணெய மட்டும் நக்கிட்டுப் போங்கலே!"

வண்டியைக் கவிழ்த்து உடைத்துவிட்டுப் போனார்கள். ரொட்டியெல்லாம் சாக்கடையில் கிடந்தது.

"பேசாம வேற கடை ரொட்டி வாங்கிருங்க அண்ணாச்சி" என்றேன், அவரிடம் வழக்கமாக வாங்கித் தின்னும் நான்.

என்மேல் பாய்ந்தார். "இன்னைக்கு ரொட்டிய மாத்தச் சொல்லுதான். நாளைக்கு யாருகூட உக்காந்து திங்கணும்னு அவன் சொல்லுவான். நான் கேக்கணுமா?"

மறுநாள் தரையில் சாக்கை விரித்து, அதே பாயின் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். பயத்தில் யாரும் கிட்டே வரவில்லை. நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கித் தின்றேன். அவர் கோபம் அன்றும் ஆறவில்லை. "இன்னொண்ணு வைக்கட்டா?" என்று கேட்டதுகூட அதட்டலாகத்தான் இருந்தது.