லாரிச் சங்கிலியும் கரிசல் ரோடும்

தோள்பட்டை வலி இன்னும் இறங்கவில்லை. பேனாவைப் பிடித்தால் எழுத்து கோணிப் போகிறது. இந்த வாரம் ஏதாவது பிழை தென்பட்டால் அச்சுக் கோப்பவர் மேல் பழி போடாதீர்கள்... குற்றவாளி நான்தான்.

செவ்வாய்க்கிழமை திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு ரேஷன் அரிசி கொண்டு போனோம். எழுதாத நேரத்தில் நான் ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். லாரி ஓட்டியவர் முத்தையா – யுத்தத்தில் இத்தாலி வரை போய் ராணுவ லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர்.

கார்த்திகை அடைமழை. கப்பி ரோடு முடிந்து மண் ரோட்டில் இறங்கியதுமே பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. நனைந்த கரிசலில் நடந்திருக்கிறீர்களா? செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். லாரி என்ன செய்யும், பாவம்.

முத்தையா ஸீட்டுக்கு அடியிலிருந்து கனத்த இரும்புச் சங்கிலிகளை இழுத்துப் போட்டார். ராணுவ ஏலத்தில் லாரியோடு வந்தவை. பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றிக் கட்டுவதாம், சேற்றையும் கவ்வுமாம். சங்கிலியைத் தரையில் விரித்து, லாரியை அதன்மேல் ஏற்றி, நுனிகளை இழுத்துக் கொக்கி மாட்ட வேண்டும். சொல்ல இவ்வளவுதான். மாட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இருவரும் சேற்றில் படுத்து எழுந்தோம்.

லாரி நகர்ந்தது. நூறு கஜம் போவதற்குள் ஒரு பெண் மண்வெட்டியோடு நடுரோட்டில் வந்து நின்றாள். பெயர் விருமாயி, அந்த ஊர்க்காரி. பின்னால் திரும்பிப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். ரோடு உழுத வயலாகக் கிடந்தது.

ஒன்றரை மைல் ரோடு. கோடையில் ஊரே கூடி மண் வெட்டிப் போட்டதாம்.

"மழை வெறிச்சா இந்தப் பள்ளம் அப்படியே கல்லா இறுகிரும். பெறகு எங்க மாட்டுவண்டி எதுல போகும்?" என்றாள்.

பத்து நாளாகக் கடையில் அரிசி இல்லையே, அது வேண்டாமா என்று கேட்டேன். அலுப்பில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அரிசியும் வேணும்யா. ரோடும் வேணும்."

முத்தையாவைப் பார்த்தேன். அவர் என்ஜினை அணைத்துவிட்டார்.

"இத்தாலியில ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள்ள சங்கிலியோட லாரியை விடச் சொன்னாக சார்," என்றார் மெதுவாக. "அந்த வீட்டுப் பொம்பள வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு வார்த்தை பேசல. எனக்கு ஆர்டர்... ஓட்டிட்டேன்."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இன்னைக்கு ஆர்டர் போடுற ஆளு நீங்கதான் சார்," என்றார்.

என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம். சங்கிலியைக் கழற்றினால் லாரி நகராது, அரிசியை ஆள்தான் சுமக்க வேண்டும். மூட்டையைக் கடையில்தான் பிரிக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். முழு மூட்டையை அந்தச் சேற்றில் ஒன்றரை மைல் சுமக்க யாரால் முடியும்? பிரித்தால் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

கழற்றச் சொன்னேன்.

மறுபடியும் சேற்றில் படுத்தோம். விருமாயி போய் ஊரைக் கூட்டி வந்தாள். மூட்டைகளைப் பிரித்து, கூடையிலும் சாக்கிலும் அள்ளி, மேலே கோணியைப் போர்த்திச் சுமந்தார்கள். முத்தையாவும் சுமந்தார். சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் நானும் அரைச் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். வழியில் எத்தனை முறை இறக்கி வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

மழை விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கடைசிக் கூடையும் வந்து சேர்ந்தது. கடையில் நிறுத்துப் பார்த்தோம். ஒரு மணிகூடக் குறையவில்லை – மழையைக் குடித்து இரண்டு வீசை எடை கூடியிருந்தது.

நேற்று மேலதிகாரி கூப்பிட்டு, மூட்டையைப் பிரித்ததற்கும் எடை கூடியதற்கும் விளக்கம் கேட்டார். குறைந்தால் எழுதிக் கொடுக்க ஆபீஸில் ஃபாரம் இருக்கிறது. கூடினால் எழுத இல்லையே, ஸ்வாமி!