மூட்டைகளுக்குப் பதில் வந்தவர்கள்

எங்கள் ஆல்பத்தில் மொத்தம் எத்தனை பாட்டு என்று யாராவது கேட்டால், முதல் பாட்டு என்னுடையது என்றுதான் சொல்வேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லைதான். ஆனாலும் விடமாட்டேன். அந்த இடத்துக்கு வர நான் பட்ட பாடு அப்படி.

ஆல்பத்தைத் தயாரித்தவர் மாரமங்கலத்து அண்ணன். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்துவிட்டு, ஒரு லேப்டாப்பும் நல்ல மைக்கும் வாங்கிக்கொண்டு எங்கள் ஏற்காட்டு மலைக்கே திரும்பி வந்தவர். பீட் அவருடையது, ராப் எங்களுடையது. எங்கள் செட்டில் மூன்று பையன்கள்: நாகலூர் ஆட்டோக்காரன் ஒருவன், லோடு ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர். நான்காவது ஆள் நான். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு. சர்ச்சில் பாடுகிறவள் என்பதாலேயே, எல்லாப் பாட்டிலும் நடுவில் இழுத்துப் பாடும் ஹூக்கை மட்டும் என் தலையில் கட்டிவிடுவார்கள். நான்கு வரி இழுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். இந்த முறை சண்டை போட்டு எனக்கென்று ஒரு முழுப் பாட்டு வாங்கியிருந்தேன்.

ஸ்டுடியோ என்பது அண்ணனுடைய சித்தப்பாவின் காபி குடோன். சித்தப்பா காபி வாங்கி விற்பவர். சீசனில் சுவர் தெரியாத அளவுக்கு மூட்டை அடுக்கியிருக்கும். நடுவில் மைக்கை வைத்தால் குரல் எதிரொலியில்லாமல் கச்சிதமாகப் பதியும். பையன்கள் அதில் வரிசையாகப் பாடி முடித்துவிட்டார்கள். பழம் பறிக்கும் காலத்தில் ரைட்டருக்கு ஏது லீவு? சாயங்காலம் வந்து ஹூக்குகளை மட்டும் பாடிக் கொடுத்துவிட்டு, என் பாட்டை சீசன் முடியட்டும் என்று கடைசிக்குத் தள்ளினேன்.

சீசன் முடிந்தது. நல்ல விலை வந்தது என்று சித்தப்பா லாரியைக் கூப்பிட்டார். பையன்கள் விசிலடித்துக்கொண்டே மூட்டை ஏற்றினார்கள். நானும் சும்மா இருக்காமல் பக்கத்தில் நின்று எண்ணிக் கொடுத்தேன். அண்ணன் எங்களுக்கெல்லாம் போண்டா வாங்கிக் கொடுத்தார். லாரி வளைவில் திரும்பி மறைந்த பிறகு அவர் குடோனுக்குள் போய் ஒரு தடவை கைதட்டினார். சத்தம் எதிரொலித்துத் திரும்பி வந்து எங்கள் முகத்தில் அடித்தது. ஐந்து பேரும் சேர்ந்து எங்கள் ஸ்டுடியோவையே லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

சுவர்களில் போர்வை கட்டிப் பார்த்தோம். கிணற்றுக்குள் நின்று பேசுவது போலத்தான் இருந்தது. திங்கட்கிழமை பாட்டுகளை மியூசிக் ஆப்களுக்கு அனுப்பியாக வேண்டும். வெளியீட்டு நாளை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

"கோவிச்சுக்காத சாமி. உன்ற பாட்ட அடுத்த ஆல்பத்துல போட்டுக்கலாம்" என்றார் அண்ணன்.

"அடுத்த ஆல்பம் எப்பவுங்ணா? அடுத்த சீசன் மூட்டை வந்தப்பொறகா?"

"அதான் எல்லாப் பாட்டுலயும் உன்ற ஹூக் இருக்குதே, போதாதா?" என்றான் ஆட்டோக்காரன். அவனுடையதுதான் முதல் பாட்டு என்று அப்போது முடிவாகியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவன் ஆட்டோவைத் தள்ளிவிட்டிருப்பேன். எழுந்து சர்ச்சுக்குப் போனேன்.

அன்று சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சி. காலி சர்ச்சில் நான் ஒரு வரி பாடினால் மேற்கூரை அதையே மறுபடி பாடியது. மறுநாள் ஆராதனையில் சர்ச் நிறைய ஸ்வெட்டரும் சால்வையுமாக ஜனம் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பதில் குரல் இருக்காது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சங்கதிதான். எனக்கு மூட்டை வேண்டாம், ஆள் போதும் என்று அங்கேயே தோன்றியது.

நேராக எங்கள் எஸ்டேட் பெண்களிடம் போனேன்.

"நாளைக்கு மத்தியானம் குடோனுக்கு வரோணுமுங்க. வேலை ஒண்ணுமில்லை, சும்மா நின்னாப் போதும். ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

"ஏனுங்க ரைட்டரம்மா, அது வேலையில்லீங்களா? நொம்பக் கஷ்டமான வேலையுங்க" என்றார் நாகலூர் அக்கா. அந்த ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களில் மூத்தவர் அவர்தான்.

ஆனாலும் வந்தார்கள். சர்ச்சிலிருந்து நேராகச் சிலர், தலைச்சோலையிலிருந்து நடந்தே சிலர். ஸ்வெட்டர், கம்பளி, தலையில் கட்டிய துண்டு என்று சுவரோரம் இரண்டு மூன்று வரிசையாக நின்றார்கள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஒரு சட்டியில் போட்டார்கள். அண்ணன் கைதட்டினார். சத்தம் திரும்பி வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வைக்காகவே இன்னொரு லாரி மூட்டையை அனுப்பலாம்.

என் பாட்டு காலை ஆள் எடுப்பில் தொடங்கும். தினமும் வேலைக்கு முன்னால், ஆள் வந்துவிட்டதா என்று நான் ஒவ்வோர் ஊர்ப் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவேன். அந்த ஊர்ப் பெண்களில் மூத்தவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்வார். பாட்டில் ஊர்ப் பெயர்களை மட்டும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பீட் தனியாக ஓட இடம் விட்டிருந்தேன். பதில் சொல்கிறவர்களையே கூட்டி வந்து சுற்றி நிறுத்தியிருக்கிறோம் என்பது எங்கள் யாருடைய மண்டையிலும் உறைக்கவில்லை.

"நாகலூரு" என்றேன்.

"வந்திருக்கோமுங்க" என்றது முதுகுப் பக்கம்.

அண்ணன் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். அதற்குள் பழக்கதோஷத்தில் நான் மாரமங்கலத்தைக் கூப்பிட்டுவிட்டேன். அதற்கும் பதில் வந்தது. தலைச்சோலைக்கு வந்த பதில்தான் இருப்பதிலேயே பெரிது. தூக்கிய கையை அண்ணன் மெல்ல இறக்கினார். மூன்று ஊரும் முதுகுக்குப் பின்னால் நிற்கிற தெம்பில் நான் ராப்புக்குள் போனேன். அப்படி ஒரு நாளும் பாடியதில்லை. முடிக்கும்வரை ஒரு இருமல் இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஊரு பேரச் சொன்னா வாயி தானா தொறந்துக்குதுங்க" என்றார் நாகலூர் அக்கா.

அண்ணன் பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். பிறகு இன்னொரு தடவை கேட்டார்.

"இன்னொருக்கா எடுத்தர்லாமுங்களா?" என்றேன்.

"எதுக்குச் சாமி? இதுதான் மொதப் பாட்டு."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. ஆட்டோக்காரன் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டான்.

அட்டைப் படத்துக்கு நாங்கள் ஐந்து பேர் கறுப்புக் கண்ணாடியோடு முறைக்கிற படம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அண்ணன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரையும் குடோன் வாசலில் நிறுத்திப் புதிதாக எடுத்தார். அவர் செட்டில் எத்தனை பேர் என்று இப்போது கேட்டால் அவருக்கே சொல்ல வராது.

ஆல்பம் வெளியான சாயங்காலம், ஏற்காட்டிலிருந்து நாகலூர் வரும் பஸ்ஸில் டிரைவரிடம் சொல்லிப் பாட்டைப் போட வைத்தோம். நிற்க இடமில்லாத கூட்டம். எங்கள் பெண்கள் பாதிப்பேர் அதில்தான் இருந்தார்கள். என் பக்கத்தில் ஆட்டோக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஸ்பீக்கரில் என் குரல் நாகலூரைக் கூப்பிட்டது. ஸ்பீக்கரில் பதில் வருவதற்குள், பின் சீட்டுப் பெண்கள் வாயைத் திறப்பதற்குள், என் காதோரம் ஒரு சத்தம்.

"வந்திருக்கோமுங்க."

அவனும் நாகலூர்க்காரன்தானே.