சிலிண்டர் வால்வில் கிரீஸ்

சூரமங்கலத்தில் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். சைடு ஸ்டாண்டு கீச்சென்று கத்துகிறதென்று மெக்கானிக் ஒரு விரல் கிரீஸ் எடுத்துத் தடவினார். அந்த வாசனை மூக்கில் பட்டதும் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். ஐம்பது தாண்டிய நர்ஸ் கிரீஸுக்குப் பயப்படுகிறாள் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ராசிபுரம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில். ஆபரேஷன் தியேட்டரில் ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டர்கள் சங்கிலி போட்டு மூலையில் நிற்கும். மயக்க மருந்தின் தித்திப்பும் கறுப்பு ரப்பர் மாஸ்க்கின் வாடையும் சேலையில் ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்காருவாள். இந்த வாசனையோடு போனால் எவன் கட்டுவான் என்று அம்மா திட்டுவாள். கட்டத்தான் செய்தார் ஒருவர், அவருக்கு எப்போதும் சளி.

தியேட்டரில் எங்களுக்கு ஒத்தாசை செங்கோடண்ணன். அதற்கு முன் நாமக்கல் லாரியில் கிளீனராக இருந்தவர். எது முனகினாலும் கிரீஸ்தான். கதவுக் கீல், ஸ்ட்ரெச்சர் சக்கரம், என் குடைக்கம்பிகூடத் தப்பவில்லை. வாயும் ஓயாது. மாஸ்க்கைக் கண்டு மிரளும் கிழவிகளிடம், "தூங்கி எந்திரிச்சா ஊட்டுக்குப் போயிரலாம் சாமி" என்பார். அவர் பேச்சிலேயே பாதி மயக்கம் வந்துவிடுகிறது என்று சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் மயக்க டாக்டர் கேலி செய்வார். ஆக்சிஜன் பக்கம் எண்ணெய்ப் பசையே ஆகாது, பற்றிக்கொள்ளும் என்று அந்த டாக்டர் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். அண்ணனும் தலையாட்டியிருந்தார். ஆனால் கை லாரிக்காரக் கையாயிற்றே.

அன்று காலை புதுச் சிலிண்டரின் வால்வு இறுகிக் கிடந்தது. கிரீஸ் வைத்துக் குனிந்து சாவியைத் திருப்பினார். பளீரென்று ஒரு தீ. நான் ஓடுவதற்குள் யாரோ வால்வை மூடியிருந்தார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிவந்து, மீசை கருகி, மூக்குக்குள் கரி.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர், மீசைதான் போச்சு" என்றார். குரல் கம்மியிருந்தது. அதைக் கேட்டதும் மயக்க டாக்டரின் முகம் மாறிவிட்டது. அனல் உள்ளே போயிருக்கிறது, தொண்டை வீங்கிக்கொண்டே வரும், மூடிவிட்டால் மூச்சுக்குக் குழாய் இறங்காது, இப்போதே மயக்கம் கொடுத்துக் குழாய் போட வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

அண்ணனின் சம்சாரம் பாவாயி வெண்ணந்தூரில் தறிக்குப் போகிறவள். தறிக்காரர் வீட்டுக்கு போன் செய்தோம், பஸ் ஏறிவிட்டாள் என்றார்கள்.

"பாவாயி வந்துரட்டுங்க. ஒரு வார்த்த பேசிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"நேரமில்லப்பா" என்றார் டாக்டர். அதற்குள் ஊசியில் மருந்தை ஏற்றியிருந்தார்.

நான் குனிந்து, அக்காவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "வேண்டாஞ் சிஸ்டர். நானே சொல்லிக்கிறேன்."

குழாய் இறங்கியது, மயிரிழையில். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். சேலம் வரை வேனில் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். அண்ணன் கண் விழிக்கவேயில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

பாவாயி யாரையும் ஏசவில்லை. "எதாச்சும் சொன்னாருங்களா?" என்று மட்டும் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அதன்பிறகு என்னை எங்கே பார்த்தாலும் அதே பேச்சுதான். மாட்டை விற்கச் சொல்லியிருப்பாரோ, பெண்ணை மேலே படிக்க வைக்கச் சொல்லியிருப்பாரோ, காலையில் போட்ட சண்டையை மறந்துவிடச் சொல்லியிருப்பாரோ. இருக்கும் அக்கா என்பேன். எனக்கு அண்ணன் மேல்தான் ஆத்திரமாக வரும். என்னிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இப்போது ஆக்சிஜன் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ரப்பர் மாஸ்க் இல்லை, அந்த வாடையும் இல்லை. நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. குழாய் போடுமுன் கைபேசியை நோயாளியின் காதில் வைத்துப் பேசச் சொல்கிறேன், அவர்களும் பேசிவிடுகிறார்கள்.

போன மாதம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பாவாயியைப் பார்த்தேன். பேத்தியின் காலேஜ், தன் முட்டிவலி, மழை பெய்யாதது எல்லாம் பேசினாள். நானும் அந்தப் பேச்சு வரும் வரும் என்று காத்திருந்தேன். பஸ் வந்ததும், "வாரனுங்க சிஸ்டர்" என்று ஏறிவிட்டாள். அவர் என்ன சொல்ல நினைத்தாரோ என்று யோசித்துக்கொண்டு நிற்க இனி நான் ஒருத்திதான்.