பாபீன் வைக்கும் நீலக் கிண்ணம்

பாபீனின் இரண்டு கைகளும் ஒரு பழைய தலையணை உறையை முறுக்கிப் பிழிகின்றன. உள்ளே வெந்த கடற்பாசி. துணியின் கண்கள் வழியாகக் கஞ்சிபோலச் சாறு வழிந்து சட்டியில் விழுகிறது. சூடாக இருக்கும்போதே பிழிந்தாக வேண்டும். ஆறிவிட்டால் பாசி சாற்றை விடாது. அதனால் அவள் உள்ளங்கைகள் எப்போதும் சிவந்தே இருக்கும். "சுடலையா?" என்று கேட்டால், "சுடுது. அதுக்கென்ன இப்போ?" என்பாள்.

கடல் நன்றாக வற்றி அடிப்பாறைகள் வெளியே தெரியும் நாட்களில் அவளே போய்ப் பறிக்கிறாள். கருஞ்சிவப்பாக வரும் பாசியைக் கொல்லைப் புல்லில் பரப்பி, மழையும் வெயிலும் மாறி மாறிப் படவிட்டால் எலும்பு நிறத்துக்கு வெளுக்கும். அயர்லாந்தின் மேற்கே எங்கள் கால்வே கரையில் மழைக்குக் குறைவில்லை. "வெயிலு பிஷப்பு மாதிரி. வர்றேன்னு சொல்லி அனுப்புவாரு, வரமாட்டாரு" என்பது பாபீனின் புகார்.

பிழிந்த சாற்றை இரண்டு பங்காக்குவாள். ஒன்றில் பாலும் சர்க்கரையும் சேரும். அது அவள் கணவர் கோல்மனின் நெஞ்சுச் சளிக்கு. மற்றதில் ரோஸ்மேரி ஊறிய தண்ணீர், ஒரு கரண்டி தேன், சில சொட்டு எண்ணெய், அது தலைமுடிக்கு. ஆறினால் தயிர்போல் உறைந்துவிடும். கடைக் கண்டிஷனர் வாங்காத வீடுகள் எங்கள் ஊரில் பல. பெண்கள் ஜாடியோடு வந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். ஈரத் தலையில் தடவி, விரலால் கோதி, கொஞ்ச நேரம் விட்டு அலசினால் உப்புக் காற்றில் சடைபிடித்த முடியும் பிரிந்துவிடும்.

பாபீனின் தலையில் மட்டும் முடி இல்லை. ஒட்ட வெட்டிவிட்டு மேலே ஒரு கம்பளித் தொப்பி போட்டிருப்பாள். "எனக்கெதுக்குடி அது? முடி இருக்கிறவளுக்குக் குடு."

ஜாடிகள் நிரம்பியபின் கடைசியாக ஒரு நீலக் கிண்ணம் நிரம்பும். அதைக் கோல்மன் படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில் வைப்பாள். காலையில் அது காலியாக இருக்கும்.

நோயாளிகளைக் கவனிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். பக்கத்து வீடு என்பதால் கோல்மனைத் துடைத்துவிட்டுப் புரட்டிப் படுக்கவைக்கப் போகிறேன். அவர் நுரையீரலில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியும். பாபீனுக்கும் தெரியும். அவருடையது பழைய குடும்பம். அப்படிப்பட்ட வீட்டில் சாவு விழுமுன் மனுஷப் பிறவியல்லாத ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே வந்து, தன் நீளமுடியை வாரிக்கொண்டே ஓலமிடுவாள். நம்புகிறீர்களா என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. அது எங்களுக்குத் தெரிந்த விஷயம், அவ்வளவுதான்.

"சிக்கு விழுந்த முடிய இழுத்து வாருறா. வலிக்குது, கத்துறா. சிக்கு எடுக்க ஏதாச்சும் குடுத்தா எதுக்குக் கத்தப்போறா? கத்தலேன்னா இவருக்கும் ஒண்ணும் ஆகாது" என்பாள் பாபீன்.

"கிண்ணத்த கடற்காக்கா தின்னுட்டுப் போகுது" என்பேன் நான்.

"தின்னட்டுமே. அதுக்கும் முடி நல்லா வளரட்டும்."

சென்ற அக்டோபரில் மகள் ஓர்லா டப்ளினிலிருந்து வந்தாள். இடுப்புவரை தொங்கும் செம்பட்டை முடி, அப்பா வழி. வாசலில் நுழையும்போதே கையை நீட்டினாள். "அம்மா, உன் சீப்பு வாசல் கேட்டுப் பக்கத்துல கெடந்துச்சு."

எலும்பில் செய்த வெளிறிய சீப்பு. எங்கள் பக்கத்துக் குழந்தைகள் நடக்கத் தொடங்கும்போதே தரையில் கிடக்கும் சீப்பு அந்த ஓலமிடுபவளுடையது, தொடக்கூடாது என்று கற்றுக்கொள்வார்கள். பட்டணம் போனவளுக்கு மறந்திருக்கிறது.

பாபீன் தன் தொப்பியைத் தொட்டாள். "நான் சீப்பு வச்சிருந்து எத்தன வருஷமாச்சுடி?"

ஓர்லா அதை மேசைமேல் போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். அப்புறம் யாரும் அதன் பக்கம் போகவில்லை.

விளக்கு ஏற்றும் நேரத்தில் கோல்மனின் ஜன்னலில் உரசல் கேட்டது. மேலிருந்து கீழே நீளமாக ஒரு இழுப்பு, கொஞ்சம் அமைதி, மறுபடி ஒரு இழுப்பு. கிளை உரசுகிறது என்று சொல்லப்போனேன். அந்தப் பக்கம் செடியே கிடையாது. கோல்மனின் மூச்சு நின்று நின்று வந்தது. இந்த மூச்சைப் பல கட்டில்களருகே கேட்டவள் நான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பு, பாபீன்" என்றேன்.

அவள் பாதிரியாரைத் தேடவில்லை. அடுப்பு இடுக்கியை எடுத்துவந்தாள். சீப்பை அதில் கவ்வி, ஜன்னலைக் கையளவு திறந்து வெளியே நீட்டினாள். கையால் கொடுத்தால் கை போய்விடும்; இரும்பால்தான் கொடுக்க வேண்டும்.

"இந்தா தாயே, உன்னோடது. என் வீட்டுக்காரர விட்டுட்டுப் போ."

அவள் கை முழங்கைவரை வெளியே இழுபட்டது. அது காற்றின் வேலையாக எனக்குத் தெரியவில்லை. இடுக்கி திரும்பி வந்தபோது வாயில் சீப்பு இல்லை; ஒரு கால் வளைந்திருந்தது. உரசல் நின்றது. என் விரலடியில் கோல்மனின் நாடி மெதுவாகச் சீரானது.

கதவருகே நின்ற ஓர்லா, "அம்மா, வர்ற வழியில அத வச்சு ஒருதரம் தலைய வாரினேன்" என்றாள்.

"முடி சிக்குச்சா?"

"நாலஞ்சு. பல்லுலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. எடுக்கல."

"நான் அத வெளிய குடுக்கும்போது சொல்லமாட்டியாடி?"

"நீ எங்க கேட்ட?"

"இப்போ உன் முடி அவ கையில" என்று பாபீன் ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

மறுநாள் காலை கோல்மன் பசிக்கிறது என்றார். பால் போட்ட பாசிக்கூழை முழுதும் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குச் சர்க்கரை கம்மி" என்று குறையும் சொன்னார். ஓர்லா எழுந்திருக்கவில்லை. பாபீன் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றி, பாசி வெந்ததும் சிவந்த கைகளால் பிழிந்து, முதலில் நீலக் கிண்ணத்தை நிரப்பினாள். நான் அவளுக்காகக் கோல்மனின் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அவள் அதைக் கடந்து போனாள். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்து, ஓர்லா தூங்கும் அறையின் ஜன்னல் விளிம்பில் கிண்ணத்தை வைத்து, கீழே விழாதபடி விரலால் உள்ளே தள்ளினாள்.